பவளத்தொட்டியும் தங்கச் சுரங்கமும்: குளிர்ச்சிக்கு ஒரு கணக்கு

கோலார் தங்கவயலில் ‘ரீஃப்’ என்றால் அது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தையே குறிக்கும். பூமிக்குள் நெடுந்தொலைவு ஓடும், பொன் கலந்த பாறைப் படிவத்தைச் சுரங்கத்தார் அப்பெயரால் அழைத்தனர். கடலியலாருக்கோ அதே சொல் பவளப்பாறைத் திட்டைக் குறிக்கும். பெயர் ஒன்றாயினும் பொருள் வேறான இவ்விரண்டுக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. அது வெப்பம்.

வண்ண மீன்களும் கடற்பூக்களும் அசைந்தாடும் கடல்நீர்த் தொட்டிகள் இன்று பெருநகரங்களைக் கடந்து சிறு நகரங்களின் வரவேற்பறைகளுக்கும் வந்துவிட்டன. தொட்டி வாங்குவோர் கண்ணாடியின் விலை, உப்பின் விலை, மீனின் விலை ஆகியவற்றை விசாரிக்கின்றனர். சித்திரை மாதத்தில் அந்த நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்க மாதந்தோறும் என்ன செலவாகும் என்று கேட்பவர் குறைவு. தொட்டி நிலைப்பதும் அழிவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பொறுத்ததே. அதற்கு விடை தேட, வெப்பத்தோடு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் போராடிய தங்கவயலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

சுரங்கம் கற்பித்த வரிசை

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் பணியைத் தொடங்கியது. அதன்பின் சுரங்கங்கள் ஆழமாகிக்கொண்டே சென்றன. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மேலிருந்து செலுத்தப்படும் காற்றும் கீழே இறங்க இறங்க அழுத்தத்தால் தானே சூடேறியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து சென்ற தொழிலாளர் குடும்பங்களின் உழைப்பு அந்த வெக்கையில்தான் கரைந்தது.

ஆழ்சுரங்கப் பொறியியல் இச்சிக்கலை ஒரு வரிசைப்படி அணுகுகிறது. முதலில், தேவையற்ற வெப்பம் பணியிடத்துக்குள் நுழையாமல் தடுக்க வேண்டும். அடுத்து, காற்றோட்டத்தைச் சீராக்கி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். இவ்விரண்டும் போதாதபோது மட்டுமே குளிர்பதன எந்திரத்தை நாட வேண்டும். எந்திரம் மூன்றாவதாக நிற்பதற்குக் காரணம் அதன் செலவு. அதனை வாங்குவதும் செலவு. நாள்தோறும் ஓட்டுவது அதைவிடப் பெருஞ்செலவு. தங்கவயலிலும் ஆழம் கூடிய பின்னரே பெரிய குளிர்பதன நிலையங்கள் தேவைப்பட்டன. வீட்டுத் தொட்டிக்கும் இதே வரிசை பொருந்தும். ஆனால் பலர் அதைத் தலைகீழாக்கி, முதலில் எந்திரத்தையே வாங்குகின்றனர்.

இரண்டு டிகிரி செய்யும் வேலை

பவளம் என்பது கல் அன்று, உயிர். அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பங்கு தருகின்றன. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நீடித்தாலே இந்த உறவு முறிந்துவிடும். பாசிகள் வெளியேற்றப்பட, பவளம் நிறமிழந்து வெளுக்கும். வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். இல்லையேல் பட்டினியால் மடியும். நுண்பாசிகளை நம்பி வாழும் கடற்சாமந்திகளுக்கும் இதே கதிதான்.

நம் கடலிலேயே இது நிகழ்ந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2016ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் சூடேறியபோது பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. அவ்வாண்டு நிகழ்ந்த இறப்பால், அங்கு உயிருள்ள பவளங்களின் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகச் சுருங்கியதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். பரந்த கடலுக்கே இந்த நிலை என்றால், 200 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்? அது ஒரே பிற்பகலில் 3 டிகிரி ஏறிவிடக்கூடும்.

வெப்பம் இன்னொரு வழியிலும் தாக்குகிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் உயிர்வளி குறைகிறது. 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு உயரும்போது கடல்நீர் ஏந்தும் உயிர்வளி ஏறத்தாழ 8 விழுக்காடு குறையும். அதே வேளையில் மீன்களின் உயிர்வளித் தேவையோ கூடும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான் அது. தொட்டி நீரை 24 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருப்பது நலம்.

வாங்கும் முன் சட்டம்

செலவுக் கணக்குக்கு முன் ஓர் எச்சரிக்கை. கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும் கடற்குதிரைகளும் உட்பட, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ‘உயிர்ப்பாறை’ என்ற பெயரில் விற்கப்படும் பவளத் துண்டுகளுக்கும் இது பொருந்தும். அயல்நாட்டுப் பவளங்களின் வணிகமும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. முறையான இறக்குமதி ஆவணங்களைக் காட்டாத விற்பனையாளரிடம் எதையும் வாங்கலாகாது.

சட்டத்துக்கு உட்பட்டே அழகான தொட்டி அமைக்கலாம். பீங்கானாலும் சிமெண்டாலும் செய்த செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. கோமாளி மீன்களைக் கடலில் பிடிக்காமல் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் நுட்பத்தை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. பண்ணையில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியதாகவும் இருக்கும். இத்தகைய தொட்டிக்கும் குளிர்ச்சி தேவையே.

முதற்படி: வெப்பத்தை உள்ளே விடாதிருத்தல்

தொட்டிக்குள் செல்லும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. நீரில் மூழ்கிய 40 வாட் பம்ப் ஒன்று நாள் முழுவதும் ஓடினால் ஒரு யூனிட் அளவுக்கு வெப்பத்தை நீரில் சேர்க்கும். வெளியேற வழியில்லையெனில் அது 200 லிட்டர் நீரை 4 டிகிரி உயர்த்தப் போதுமானது. அதே வேலையை 15 வாட்டில் செய்யும் நேர்மின் பம்புகள் சந்தையில் உள்ளன. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் மிச்சமாவது இருமுறை: பம்பின் மின்கட்டணமும் குறைகிறது, அது தரும் வெப்பத்தை அகற்றும் செலவும் குறைகிறது.

விளக்குக்கும் இதே கணக்கு. 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கை நாளுக்கு 8 மணி நேரம் எரித்தால் 2 யூனிட். 100 வாட் எல்.இ.டி. எரித்தால் 0.8 யூனிட். விளக்கு எரியும் நேரத்தை மாற்றுவதற்கோ செலவே இல்லை. கடலில் பகல் எப்போது என்பது தொட்டி உயிர்களுக்குத் தெரியாது. மாலை 4 மணிக்கு ஏற்றி நள்ளிரவில் அணைத்தால், பிற்பகல் வெக்கையும் விளக்கின் வெப்பமும் ஒருசேரத் தாக்குவது தவிரும். வீட்டார் கண்டு மகிழும் நேரமும் அதுவே.

தொட்டியை வைக்கும் இடமும் முக்கியம். மேற்குச் சுவரை ஒட்டியோ சன்னல் வெயில் படும்படியோ வைக்கலாகாது. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ உள்ள வீடுகளில் கூரையே அடுப்பாகிவிடும். அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சோ அடிப்பது தொட்டிக்கும் வீட்டாருக்கும் ஒருங்கே நன்மை தரும்.

இரண்டாம் படி: பானையின் நுட்பம்

மண்பானைத் தண்ணீர் சில்லென்றிருப்பது ஏன் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பதும் இதே நுட்பம். மீன்தொட்டியின் மூடியை அகற்றி, நீர்ப்பரப்பின் மீது சாய்வாகக் காற்று வீசும்படி சிறு மின்விசிறி ஒன்றைப் பொருத்தினால் தொட்டியும் பானையாகிவிடும்.

இதன் ஆற்றலைப் பலர் அறிவதில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் வெப்பம் வெளியேறுகிறது. 200 லிட்டர் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் ஆவியானால் போதும். கணினிகளில் பயன்படும் 5 வாட் மின்விசிறிகள் ஓரிரண்டு இவ்வேலையைச் செய்துவிடும். மீன் துள்ளி விழாதிருக்க மூடிக்கு மாற்றாக நுண்வலை ஒன்றைப் போட வேண்டும்.

ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. காற்று வறண்டிருந்தால்தான் ஆவியாதல் விரைவாக நடக்கும். ஆழ்சுரங்கங்களில் சாதாரண வெப்பமானியோடு ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் வைத்து அளப்பது இதற்காகவே. ஈரத்துணி காட்டும் அளவுக்குக் கீழே எந்த விசிறியாலும் நீரைக் குளிர்விக்க இயலாது. நடைமுறையில் அதைவிடச் சில டிகிரி மேலேயே நீர் நிற்கும். அறையின் வெப்பம் 35 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடு எனில், ஈரத்துணி வெப்பமானி 22 டிகிரியைக் காட்டும். அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 60 விழுக்காடு எனில், அது 28 டிகிரியைக் காட்டும்.

தங்கவயலின் நல்வாய்ப்பு இங்கேதான் உள்ளது. கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் உயரத்தில், கடற்கரையிலிருந்து தொலைவில் அமைந்த இவ்வூரின் கோடை வறண்டது. ராபர்ட்சன்பேட்டையில் பத்து வாட் விசிறி செய்யும் வேலையைச் சென்னைத் திருவான்மியூரில் எந்திரத்தால்தான் செய்ய முடியும். எனவே சென்னை நண்பரின் பட்டியலைப் பார்த்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. இரண்டு சாதாரண வெப்பமானிகளை வாங்கி, ஒன்றின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி, விசிறிக் காற்றில் பிடித்துப் பாருங்கள். கோடைப் பிற்பகலிலும் அது 23 டிகிரியைத் தாண்டவில்லை எனில் விசிறியே போதும். 26 டிகிரியைத் தாண்டினால் விசிறி மட்டும் போதாது.

ஆவியான ஈரம் அறையிலேயே தங்கினால் காற்று நனைந்து, விசிறியின் பயன் குறையும். சுரங்கத்தில் காற்று ஒரு வழியே புகுந்து மறுவழியே வெளியேறுவது போல, ஒரு சன்னலாவது வெளியேற்று விசிறியாவது வேண்டும். வெப்பத்தை உணர்ந்து தானே இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் தேவை. மார்கழி இரவுகளில் இவ்வூர் நன்கு குளிரும். அப்போது விசிறி நின்று, சூடேற்றி இயங்க வேண்டியிருக்கும்.

நீரின் விலை

இலவசக் குளிர்ச்சி என்பது இல்லை. விசிறிக்கு நாம் தரும் உண்மையான விலை தண்ணீர். நாளுக்கு 3 அல்லது 4 லிட்டர் ஆவியானால், அதே அளவு நன்னீரை நாள்தோறும் ஊற்ற வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே ஈடு செய்யக் கடல்நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். 200 லிட்டரில் 4 லிட்டர் குறைந்தாலே உப்புச்செறிவு 2 விழுக்காடு கூடிவிடும். மிதவை வால்வு ஒன்றைப் பொருத்தினால் நீர்மட்டம் தானே சீராகும்.

கோலார் மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, ஃபுளோரைடும் மிகுந்தது. அதை நேரே ஊற்றலாகாது, ஆர்.ஓ. நீரே வேண்டும். ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீருக்கு வீட்டுக் கருவிகள் இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். தண்ணீர் லாரியை எதிர்நோக்கும் தெருக்களில் இது சிறு செய்தி அன்று. கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் எடுத்துக்கொண்டால் வீண் குறையும். வீட்டின் குடிநீருக்கே தட்டுப்பாடு வரும் மாதங்களில் நாளுக்கு 4 லிட்டர் தூய நீரை ஆவியாக்கத் துணிவோமா என்பதைத் தொட்டி வாங்கும் முன்பே குடும்பமாக அமர்ந்து முடிவு செய்வது நன்று.

மூன்றாம் படி: எந்திரம்

பனிக்கட்டியைப் பற்றி ஒரு சொல். உறைய வைத்த ஒரு லிட்டர் நீர்ப்புட்டியை மூடியபடியே தொட்டியில் மிதக்கவிட்டால், 200 லிட்டர் நீர் ஏறத்தாழ அரை டிகிரி குளிரும். ஆவியாகும் ஒரு லிட்டர் நீரோ அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் குளிர்விக்கும். எனவே புட்டி அவசரக் காலத் துணை மட்டுமே. அவசரத்துக்கென இரண்டு புட்டிகள் எப்போதும் உறைநிலையில் இருக்கட்டும். பழைய குளிர்பதனப் பெட்டிக்குள் குழாயைச் சுருட்டி வைத்து நீரை ஓட்டும் முயற்சி பயன் தராது. அப்பெட்டி, உள்ளே வைத்த பொருளைக் குளிராகவே வைத்திருக்கச் செய்யப்பட்டது. ஓடும் நீரின் வெப்பத்தை இடைவிடாது அகற்ற அன்று.

விசிறி போதாத இடத்தில் சில்லர் தேவை. அது நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அறைக்குள்ளேயே உமிழும் என்பதை மறக்கலாகாது. அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் வெப்பத்தில் தானே திணறும். காற்றோட்டமுள்ள இடத்தில், முடிந்தால் அடுத்த அறையில் அதை வைக்க வேண்டும்.

இப்போது ஒப்பிட்டுப் பார்ப்போம். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கொள்வோம். 5 வாட் விசிறிகள் இரண்டு நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் ஏறத்தாழ 3.6 யூனிட், செலவு 25 ரூபாய். 250 வாட் சில்லர் நாளுக்கு 8 மணி நேரம் இயங்கினால் மாதம் 60 யூனிட். செலவு 420 ரூபாய். தொட்டிக்காகவே அறையின் குளிர்சாதனத்தை இயக்கி, நாளுக்கு 8 யூனிட் செலவானால் மாதம் 240 யூனிட். செலவு 1,680 ரூபாய். உங்கள் கட்டண அடுக்குக்கு ஏற்ப இத்தொகைகளை மாற்றிக்கொள்ளலாம், விகிதம் மாறாது. குடும்பத்தார் எப்படியும் குளிர்சாதன அறையில் உறங்குவார்கள் எனில், தொட்டியை அந்த அறையில் வைப்பதே சிக்கனம்.

மின்வெட்டுக்கும் ஏற்பாடு வேண்டும். 1902ஆம் ஆண்டிலேயே, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர் தங்கவயல். ஆயினும் கோடை மாலையில் மின்சாரம் நிற்பது இன்று எவ்வூருக்கும் புதிதன்று. அந்நேரத்தில் முதலில் காக்க வேண்டியது உயிர்வளியை. காற்றுக் குமிழி விடும் சிறு பம்பையும் விசிறியையும் மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தால் போதும். இரண்டும் சேர்ந்து 15, 20 வாட்டைத் தாண்டா.

சித்திரையில் தொடங்கும் கணக்கு

தொட்டி வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் குளிர்ந்த மாதங்களில் வாங்குகின்றனர். அப்போது எல்லாம் எளிதாகத் தோன்றும். சித்திரை மாதத்து மின்கட்டணம், தண்ணீர், உப்பு, உணவு, பழுது ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அத்தொகையை முதலில் ஆறு மாதம் தொடர் வைப்பில் செலுத்திப் பார்க்கலாம். சிரமமின்றிச் செலுத்த முடிந்தால் தொட்டியும் கட்டுப்படியாகும். சேர்ந்த தொகை கருவிகளுக்கு முதலாகும். இடையில் இரண்டு தவணை தவறினால், கோடையில் எதைக் குறைப்போம் என்பதும் தெரிந்துவிடும். வைப்புத் தவணையை அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம். மூச்சுத் திணறும் மீனுக்கு அடுத்த மாதம் என்பது இல்லை.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பொன் அடியோடு தீர்ந்துவிடவில்லை. தாது மெலிந்தது, ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டுவரும் செலவு, கிடைக்கும் பொன்னின் விலையை மிஞ்சியது. அதன் சுமை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் மீது விழுந்தது. வீட்டுத் தொட்டி அத்துணைப் பெரிய செய்தி அன்று. எனினும் ஒன்றைத் தொடங்குவதற்கு ஆகும் செலவைவிட, அதை நாள்தோறும் நடத்துவதற்கு ஆகும் செலவே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நம்மை நம்பிக் கண்ணாடிக்குள் நீந்தும் உயிருக்காக அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுவது நம் கடமை.